சொன்னதைத் திரும்ப வாங்க வந்தவள்

என் இடது காலில் நான்கு விரல்கள்தான். அந்த நான்கும் அவற்றைத் தாங்குகிற பாதமும் இன்றைக்கு என்னோடு இருப்பதற்கு எங்கள் மாடியில் கோடி வீட்டுக்காரி நஃபீசாதான் காரணம். சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் குடியிருப்பவர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ஆளுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார்கள். மற்றவர்கள் யாரை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், நான் நஃபீசாவைத்தான் சொல்வேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ரோஷினி எழுதுகிறாள். அழகு பண்ணுகிறேன் என்று எதையும் மாற்றக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நஃபீசாவின் அப்பா ஜாஃபர், சிராங்கூன் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் சேலையும் கைலியும் பிரித்துக் காட்டுகிற வேலை பார்த்தவர். பூர்வீகம் கடையநல்லூர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீனில் சமைத்தார். இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவதால், பள்ளிவிட்டு வந்ததும் அந்தப் பெண் என் வீட்டில்தான் இருக்கும். நோன்புக் கஞ்சி அங்கிருந்து இங்கே வரும், தீபாவளி முறுக்கு இங்கிருந்து அங்கே போகும். அப்போதிருந்தே என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

சின்ன வயதிலேயே அவளிடம் ஒரு வம்பு உண்டு. ஒருநாள் முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தாள். நான் அவளுக்குக் கத்திரிக்காய் போடவில்லை.

"கத்திரிக்கா தின்னா புண்ணு ஆறாதுடி. எல்லாரும் சொல்றாங்கள்ல?"

"எல்லாரும்னா யாரு அத்தை?"

"எல்லாரும்னா எல்லாரும்தான்."

"பேரு சொல்லுங்க."

"அடி போடி, சாப்புட வந்தியா, வெசாரிக்க வந்தியா?"

அவள் என் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்படிப்பட்ட பிள்ளை.

பிறகு நர்ஸ் வேலைக்குப் படித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வார்டு. அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பெரியவர்கள், இரண்டு பேருக்கும் சர்க்கரைப் புண், அதுவும் ஒரே இடத்தில். ஒரு டாக்டர் புண்ணை உலர விடு என்பார். அடுத்த கட்டிலைப் பார்க்கிற டாக்டர் ஈரமாக வைத்துக் கட்டு என்பார். நஃபீசா ஒரே காலையில் ஒருவருக்கு உலர்த்தி, அடுத்தவருக்கு ஈரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரியவர்களில் ஒருவர், "ஏம்மா, அவருக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி கட்டுற. எது சரி?" என்று கேட்டிருக்கிறார். "டாக்டர் சொன்னாங்க அங்கிள்" என்று சொன்னாளாம். சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் மறுபடியும் படிக்கப் போனாள். இப்போது கிளமெண்டிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே படித்துக்கொண்டு போவாள்.

அது என்ன வேலை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. ஆங்கிலத்தில் சிஸ்டமேட்டிக் ரிவியூ என்பார்களாம். ரோஷினி அதை முறைப்படியான மீளாய்வு என்கிறாள். எனக்குப் புரிந்ததை என் பேச்சிலேயே சொல்கிறேன். ஒரு மருந்து நல்லதா இல்லையா என்று உலகம் முழுக்க டாக்டர்கள் சோதித்து எழுதுகிறார்கள். ஒருவர் நல்லது என்பார், ஒருவர் இல்லை என்பார். நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பேசக் கூடாது. எழுதப்பட்ட எல்லாவற்றையும் தேடிக் கொண்டுவர வேண்டும். தேடுவதற்கு முன்னாலேயே கேள்வி இது, எதைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்று சொல்லி ஊரறியப் பதிந்துவிட வேண்டும். அப்புறம் ஆள் பார்த்து விதியை மாற்ற முடியாது. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் முடிவை ஒருவர் பார்க்கக் கூடாது. இருவரும் முரண்பட்டால் மூன்றாவது ஆளிடம் போக வேண்டும்.

"பொண்ணு பாக்கறதுக்கு நாத்தனார் ரெண்டு பேரத் தனித்தனியா அனுப்பற மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"ஆமா அத்தை. சேந்து போனா, ஒருத்தங்க மூக்கச் சுளிச்சா அடுத்தவங்களும் சுளிச்சிருவாங்க."

இனி என் காலுக்கு வருகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருடமாகிறது. பாதத்தில் உணர்ச்சி கிடையாது, மரத்துப் போய்விட்டது. அந்தத் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் பால்குடம் எடுத்தேன். செருப்பில்லாமல் போகாதே என்று என் மகள் நிரஞ்சனா தலையால் அடித்துக்கொண்டாள். காலுறையாவது போட்டுக்கொள்ளேன் என்றாள். முருகனிடம் காலுறை போட்டுக்கொண்டா போவார்கள் என்று நடந்துவிட்டேன். வெயிலில் தார் கொதித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் தோல் வழன்று வந்திருந்ததைப் பார்த்தோம்.

புண் ஆறவில்லை. பக்கத்து அரசாங்க பாலிகிளினிக்குக்கு நடையாய் நடந்தேன். அங்கே நர்ஸ் என் பெயரைக் கூப்பிட மாட்டாள். "மேடம் மருதப்பன்!" என்பாள். மருதப்பன் என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது, அவரை இழுத்துக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவார்கள். அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் இருக்கிறதல்லவா, கடைசியில் இருப்பதுதான் முக்கியப் பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் எல்லோருக்கும் இங்கே இந்தக் கதிதான்.

சில மாதத்தில் விரல் கறுத்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர், விரலை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் பாதத்துக்கு ஏறிவிடும் என்றார். நான் முடியாது என்றேன். என் நாத்தனாருக்கு முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். கடைசியில் பெட்டிக்குள் வைக்கும்போது பாதி ஆள்தான் இருந்தாள். ஒன்றை வெட்டக் கொடுத்தால் அவர்கள் நிறுத்த மாட்டார்கள் என்று என் மனதில் ஊறிப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு களிம்பைப் பற்றிப் பேச்சு அடிபட்டது. இந்தியாவில் டாக்டர்கள் சர்க்கரைப் புண்ணுக்குப் போடுகிறார்கள், விரலை வெட்ட வேண்டியதில்லை என்று தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போது இரண்டு பேர் சொன்னார்கள். விசாரித்தால், நஃபீசாவும் அவளோடு வேலை பார்க்கிற ஜெய் என்கிற பையனும் அந்தக் களிம்பைப் பற்றித்தான் மீளாய்வு பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்! அது கடவுள் செயல் என்றே நினைத்தேன். அவளிடம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இதற்குள் நிரஞ்சனா விடாப்பிடியாக நின்று என் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாள். ஒரு காலையில் லிஃப்ட் வாசலில் அவளைப் பிடித்துவிட்டேன்.

"ஏன்டி, அந்தக் களிம்பு நல்லதா கெட்டதா? ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"இன்னும் முடியல அத்தை. முடிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

"நீ முடிக்கறதுக்குள்ள என் வெரலு முடிஞ்சிடும்."

"டாக்டர் சொல்றதக் கேளுங்க அத்தை, ப்ளீஸ் லா."

"டாக்டரு சொன்னாருன்னு நீயே கேக்க மாட்ட. எனக்கு மட்டும் புத்தி சொல்றியா? உன் முட்டிக்கு எத்தன தடவ மஞ்சப் பத்துப் போட்டிருப்பேன்?"

அவள் முகம் இளகிவிட்டது. அங்கேதான் அவள் தவறினாள். "இப்போதைக்குப் பாத்தா நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா அத்தை, இன்னும்..."

"போதும்" என்றேன். லிஃப்ட் வந்தது, ஏறிவிட்டேன். அவள் மீதியைச் சொல்ல நான் விடவில்லை.

வீட்டுக்கு வந்து ஆப்பரேஷன் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொன்னேன். நிரஞ்சனா கத்தினாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். நஃபீசாவே சொல்லிவிட்டாள் என்று ஒரே பிடியாக நின்றேன். சென்னைக்குப் போய்வந்தவர்கள் மூலம் களிம்பு வந்தது. காலையும் மாலையும் போட்டேன். புண் சிவக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நிரஞ்சனாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

இதற்கிடையில் கிளமெண்டியில் நடந்ததை நஃபீசா பிற்பாடு எனக்கு விளக்கினாள். மீளாய்வு முடியப் போகிற நேரம். கணக்கெல்லாம் கூட்டிப் பார்த்தால் களிம்பு விரலைக் காப்பாற்றுகிறது என்று வருகிறது. வெளிநாட்டில் ஒரு பெரிய மாநாட்டில் அவள் மேடையேறி அதைச் சொல்வதாக ஏற்பாடு. அவளுக்கு அது முதல் மேடை. ஜாஃபர் அண்ணன் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அனுப்புவதற்கு முன் அவள் எல்லாக் கட்டுரைகளையும் இன்னொரு தரம் எடுத்து வைத்துப் பார்த்தாள். களிம்புக்குச் சாதகமாக இருந்தவற்றில் பெரியவை இரண்டு. இரண்டும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகள். ஒன்று சின்ன ஊரில், ஒன்று சென்னையில். ஒன்றை எழுதியவர் ஆர். குமரன், மற்றதை எழுதியவர் கே. ரத்னவேல். ஆனால் நோயாளிகளின் சராசரி வயது, புண்ணின் அளவு, ஏற்கெனவே விரல் போனவர்கள் எத்தனை பேர் என்கிற கணக்கு எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தன.

அவள் அந்த இரண்டு பெயரையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். உங்களுக்குப் புரிந்திருக்கும். ரத்னவேலின் மகன் குமரன். உள்ளூரில் அப்பாவின் முதலெழுத்தை முன்னால் போட்டு ஆர். குமரன் என்று எழுதினார். சென்னைக்கு மாறிப் போனபின் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதும்போது குமரன் ரத்னவேல் என்று கொடுத்திருக்கிறார். அவர்கள் கடைசிப் பெயரை முழுசாக வைத்துக்கொண்டு முன்பெயரைச் சுருக்கிவிட்டார்கள். ரத்னவேல் ஊரில் வாத்தியாராக இருந்தவராம். பாவம், அவர் ஜென்மத்தில் ஒரு புண்ணுக்கும் களிம்பு போட்டதில்லை.

ஆக அது ஒரே டாக்டர், ஒரே நோயாளிகள். அன்னதான வரிசையில் ஒருவன் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வந்து நின்றால், பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர் சாப்பிட்டதாகத்தானே சொல்வார்கள்? அதுதான் நடந்திருக்கிறது. அந்த டாக்டரும் ஏமாற்றவில்லை. முதலில் ஒருமுறை எழுதினார், அதே ஆட்களைக் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்து மறுமுறை எழுதினார். நஃபீசா கடிதம் எழுதிக் கேட்டதும் ஒளிக்காமல் ஆமாம் என்று பதில் போட்டுவிட்டார். நஃபீசாவும் தவறவிட்டாள், ஜெய்யும் தவறவிட்டான். இரண்டு பேருமே அப்பன் பெயரால் கூப்பிடப்பட்டு வளர்ந்த பிள்ளைகள்தான்.

பாலிகிளினிக்கில் என்னை மருதப்பன் என்று கூப்பிட்டதைப் பார்த்துத்தான் நஃபீசாவுக்கு இது தோன்றியது என்று நிரஞ்சனா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது பொய். ஒருநாள்கூட அவள் அங்கே என்னோடு வந்ததில்லை. அவள் கண்ணால் பார்த்து, மூளையால் யோசித்து, தானே கண்டுபிடித்தாள். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு வேண்டாம்.

அந்த ஆட்களை ஒருமுறை மட்டும் எண்ணினார்கள். களிம்பு காப்பாற்றுகிறது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நஃபீசா வந்தாள். நான் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். நிரஞ்சனா அடுப்படியில் இருந்தாள். நஃபீசா நாற்காலியில் உட்காரவில்லை, என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் அன்னிக்கு லிஃப்ட்டாண்ட சொன்னது தப்பு."

"என்ன தப்பு?"

"அந்தக் களிம்பு. அது வெரல காப்பாத்துதுன்னு சொல்றதுக்கு ஆதாரம் பத்தாது. நாங்க ஒரே ஆளுங்கள ரெண்டு தடவ எண்ணிட்டோம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அன்னிக்கு ஒண்ணு சொல்ற, இன்னிக்கு ஒண்ணு சொல்ற! நீ என்ன பொண்ணா, ரேடியோவா?"

"திட்டுங்க அத்தை. ஆனா நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"களிம்பு கெட்டதுன்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"கெட்டதுன்னும் தெரியல. வேல செய்யுதான்னே தெரியல. அதான் உண்ம."

"தெரியல, தெரியல! இத்தன படிச்சுட்டுத் தெரியலன்னு சொல்ல வந்தியாக்கும்? பேசாம இருந்திருந்தா யாருக்குடி தெரியப் போவுது? மாநாட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கலாம்ல?"

"போகல. வேணாம்னு எழுதிட்டேன்." தலை குனிந்திருந்தது. "நான் மேடையில என்ன பேசினாலும் உங்க வெரலுக்குக் காது கேக்காது அத்தை."

அடுப்படியிலிருந்து நிரஞ்சனா கரண்டியோடு வந்தாள். "மொதல்ல ஏன் சொன்ன நஃபீசா? நீ சொன்னேன்னுதானே அம்மா வேணாம்னுச்சு?"

"தெரியும் அக்கா. முடியறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். திரும்ப வாங்கிக்கத்தான் வந்தேன்."

நான் அவளைப் போகச் சொன்னேன். போகவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து என் கட்டைப் பிரித்தாள், கழுவினாள், விரலைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி கட்டினாள். நர்ஸ் கை அல்லவா, மரத்துப் போன காலுக்கே மெத்தென்று இருந்தது. கட்டி முடித்துவிட்டு, "புண்ணுல வாடை வருது அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. எத்தனையோ டாக்டர்களையும் வைத்தியர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு கோயில் பூசாரிகூட எனக்கு மருந்து சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர்கூட திரும்பி வந்து, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொன்னதில்லை. மருந்து கேட்கவில்லையென்றால் என் உடம்பைத்தான் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் என் வாயைச் சொல்வார்கள். இவள் வந்து சொல்கிறாள், அதுவும் தன் மேடையை விட்டுவிட்டு வந்து சொல்கிறாள். அவள் சொல்வதை நம்பாவிட்டால் நான் வேறு யாரை நம்புவது? சாயங்காலம் நிரஞ்சனாவைக் கூப்பிட்டு, "போன் பண்ணு" என்றேன்.

"யாருக்கு?"

"பிரதம மந்திரிக்கு! ஆஸ்பத்திரிக்குடி."

விரலை எடுத்தார்கள். ஆப்பரேஷன் முடிந்தபின் டாக்டர், எலும்பில் ஏற ஆரம்பித்திருந்தது, இன்னும் தள்ளியிருந்தால் பாதத்தைத் தொட வேண்டியிருக்கும் என்றார். என் நாத்தனாருக்கு ஆனது எனக்கு ஆகவில்லை. விரலோடு நின்றது. புண் மெதுவாக ஆறியது. இப்போது தனியாக எம்ஆர்டி ஏறி தேக்காவுக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வருகிறேன். ஆள் கொஞ்சம் சாய்ந்து நடப்பேன், அவ்வளவுதான். காலுறை போடாமல் வாசல் தாண்டினால் நஃபீசாவுக்கு எப்படித்தான் தெரியுமோ, கோடி வீட்டிலிருந்து குரல் வந்துவிடும்.

அவளுடைய மீளாய்வு பிறகு ஒரு நல்ல பத்திரிகையில் வந்தது. இந்தக் களிம்பு விரலைக் காப்பாற்றுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, இன்னும் சரியாகச் சோதிக்க வேண்டும் என்பதுதான் முடிவு. அதற்கு மேடை கிடைக்கவில்லை. ஜாஃபர் அண்ணனுக்குக்கூடக் கொஞ்சம் மனக்குறைதான். நான் அவரிடம் சொன்னேன்: "அண்ணே, 'தெரியல'ன்னு தைரியமா சொல்றதுக்கு ஒரு ஆளு இருந்துச்சு. அதனாலதான் நான் உங்க வீட்டு வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருக்கேன்." அவர் சிரித்து, கோப்பி கலக்கச் சொன்னார்.

அந்தக் கட்டுரை வந்த அன்று நஃபீசா கணினியில் எனக்குக் காட்டினாள். எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான். இருந்தாலும் கேட்டேன்.

"இதுல என் காலு எங்கடி இருக்கு?"

"உங்க காலு இதுல இல்ல அத்தை."

"ஏன் இல்ல? நான்தான் போட்டுப் பாத்தேனே, ஆறலையே!"

"நீங்க ஒரு ஆளு. ஒரு ஆள வச்சு எதுவும் சொல்லக் கூடாது. அது எங்க விதி."

"என் வெரலே போயிருக்கு. கணக்குல வராதா?"

"வராது அத்தை."

"என்ன விதியோ, கொள்ளியில போற விதி!" என்று சண்டை போட்டேன். அவள் மசியவில்லை. எனக்காக ஒரு வரி சேர்க்கக்கூடாதா என்றால், அப்படிச் சேர்க்க ஆரம்பித்துத்தான் மற்றவர்கள் கெட்டார்கள் என்கிறாள். சரி, அவள் கட்டுரையில் எனக்கு இடமில்லாவிட்டால் போகிறது. எங்கள் பிளாக் புத்தகத்தில் அந்த விதி செல்லாது. இங்கே ஒரு ஆள் போதும்.

இதைச் சொல்லப் போகிறேன் என்று அவளிடம் நேற்றுச் சொன்னபோது முகத்தைச் சுளித்தாள். "எனக்கு எதுக்கு அத்தை நன்றி? ஆப்பரேஷன் பண்ண டாக்டருக்குச் சொல்லுங்க" என்றாள்.

அவருக்கு அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சொன்னது போக என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது. அது இவளுக்குத்தான். வேண்டாம் என்றால் விடுவேனா?